இல்லத் தூய்மை யாருக்காக?

விருந்தோம்பல் என்னும் பண்பிற்குத் தனியோர் அதிகாரமே வகுத்துத் தந்தவர் வள்ளுவப் பெருந்தகை. வந்தவரை முகமலர்ந்து வரவேற்று, இருக்கை தந்து, இருப்பதைப் பகிர்ந்து உண்பது தமிழர் இல்லறத்தின் அழகு. எங்கள் தூத்துக்குடியிலோ விருந்தினருக்கென்றே ஒரு பருவம் உண்டு. ஜூலைத் திங்கள் 26ஆம் நாள் பனிமய மாதா பேராலயத்தில் கொடி ஏறியது முதல், ஆகஸ்டு 5ஆம் நாள் பெருவிழா முடியும்வரை வீடுகள்தோறும் உறவினர் வருவதும் போவதுமாக இருப்பர்.

அதற்கு முந்தைய வாரத்தில் நம் வீடுகள் படும் பாட்டை நாம் அனைவரும் அறிவோம். ஒட்டடை அடிப்பதென்ன, திரைச்சீலை மாற்றுவதென்ன, குத்துவிளக்குத் தேய்ப்பதென்ன! மளிகைப் பட்டியலில் தரைக்கு ஒரு புட்டி, கண்ணாடிக்கு ஒரு புட்டி, கழிப்பறைக்கு ஒரு புட்டி, அறை மணக்க ஒரு புட்டி என்று புட்டிகளின் வரிசை நீளும். விழா முடியும், உறவினர் ஊர் திரும்புவர். புட்டிகள் காலியாகும், தூசு மட்டும் மீண்டும் தன் இருப்பிடம் வந்து சேரும்!

அப்படியானால் இந்தத் தூய்மை யாருக்காக? ஆண்டில் சில நாள்கள் வந்து போகும் விருந்தினருக்காகவா? ஆண்டு முழுவதும் அங்கே உண்டு, உறங்கி, மூச்சுவிடும் நமக்காகவா? வீட்டாருக்காகத் தூய்மையாக இருக்கும் வீடு விருந்தினருக்கு எந்நாளும் ஆயத்தமாகவே இருக்கும் என்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து. அதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. அடுக்களையில் உள்ள பொருள்களே பெரும்பாலும் போதும். ஆனால் ஒன்று கட்டாயம் வேண்டும். அது என்ன என்பதை முடிவில் சொல்கிறோம்.

மணம் வேறு, தூய்மை வேறு

மல்லிகை மணம் வீசும் தெளிப்பானை அறையில் அடித்துவிட்டால் அறை தூய்மையாகிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நாற்றத்தின் மேல் போர்த்திய போர்வையே. கைவிளக்கேந்திய காரிகை எனப் போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட செவிலியர் பணி பற்றிய நூலின் முதல் அதிகாரமே காற்றோட்டத்தைப் பற்றியதுதான். நாற்றத்தை மறைக்க முயலாதீர்கள், நாற்றம் தரும் பொருளை அகற்றுங்கள் என்பதே அதில் அவர் வற்புறுத்திய கருத்து. இது நோயாளியின் அறைக்கு மட்டுமா பொருந்தும்? நம் வீட்டுக் கூடத்திற்கும் பொருந்தும் அல்லவா?

ஆகவே முதல் மருந்து சன்னலைத் திறப்பது. காலையிலும் மாலையிலும் எதிரெதிர்ச் சன்னல்களைச் சற்று நேரம் திறந்து வைத்தால் உள்ளே தங்கிய புழுக்கம் வெளியேறும். இரண்டாவது மருந்து வெயில். தலையணை, பாய், போர்வை ஆகியவற்றை வாரம் ஒருமுறை மொட்டை மாடியில் காயவைத்தால் ஈரவாடை நீங்கும். எங்களைப் போன்ற கடற்கரை ஊராருக்கு ஈரக்காற்று ஓயாத தொல்லை. ஆனால் வெயிலுக்கோ பஞ்சமில்லை. விலையின்றிக் கிடைக்கும் இவ்விரண்டையும் விட்டுவிட்டு விலை கொடுத்து மணம் வாங்குவது என்ன அறிவுடைமை?

குளிர்பதனப் பெட்டியில் வாடை வந்தால் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவை வைக்கலாம். ஆனால் அதற்கு முன் மூலையில் அழுகிக் கிடக்கும் எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுக்க வேண்டும்! எறும்புச் சாரை வந்தால் சிந்திய சர்க்கரையை முதலில் துடைத்து, பிறகு சாரை வந்த வழியைச் சோப்பு நீரால் துடைக்க வேண்டும். எறும்புகள் தாம் இட்ட வாசனைத் தடத்தைப் பின்பற்றியே வருவதால், தடம் அழிந்தால் வழியும் அழியும்.

அடுக்களையே ஆய்வுக்கூடம்

அறிவியல் வகுப்பில் அமிலம், காரம், உப்பு என்று நாம் படிப்பவை யாவும் நம் அடுக்களையில் இருக்கின்றன. பித்தளை விளக்கு கறுப்பதற்குக் காரணம் அதன் மேல் படியும் ஆக்சைடுப் படலம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைக்கிறது. ரசத்திற்குக் கரைத்தபின் நாம் எறியும் புளிச் சக்கையோடு சிறிது கல்லுப்புச் சேர்த்துத் தேய்த்தாலே விளக்கு பொன்போல் மின்னும். தேய்த்தவுடன் நன்றாகக் கழுவி ஈரமின்றித் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் விரைவில் மீண்டும் கறுக்கும்.

உப்புநீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகர் எனப்படும் காடியையும் நீரையும் சம அளவு கலந்து ஊற்றி அரைமணி நேரம் விட்டால், சிறு குமிழிகள் எழுந்து படிவு இளகும். காடி இல்லாத வீட்டில் எலுமிச்சைச் சாறு அதே வேலையைச் செய்யும். சன்னல் கண்ணாடிக்கு ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி காடியும் பழைய செய்தித்தாளும் போதும்.

நம் பாட்டிமார் பயன்படுத்திய பூந்திக்கொட்டையை இன்று பலர் மறந்துவிட்டனர். அதன் தோலில் சபோனின் என்னும் நுரை தரும் பொருள் உள்ளது. விதை நீக்கிய பத்துப் பதினைந்து கொட்டைகளை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் பட்டுத்துணி அலசவும், வெள்ளி நகை கழுவவும், தரை துடைக்கவும் உதவும். ஆனால் ஓரிரு நாளில் கெட்டுவிடுமாகையால் வேண்டிய அளவே காய்ச்ச வேண்டும். கண்ணில் பட்டால் எரியும், கவனம் தேவை. இவ்வாறு வீட்டில் செய்யும் நீர் எதையும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். தம்பி தங்கையர் தாகத்தில் எடுத்துக் குடித்துவிடக்கூடும்.

வீட்டினுள் மட்டும் பார்த்தால் போதுமா? டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. நாம் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீரையே தேடுகிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருநாள் பூச்சாடி, தேங்காய்ச் சிரட்டை, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி மூடுதல் வேண்டும். வாசலில் அழகிய கோலமும் கொல்லையில் கொசுப் பண்ணையும் இருந்தால் விருந்தினருக்கு நாம் தந்தனுப்பும் பரிசு எதுவாக இருக்கும்?

கலவாதீர்! ஏமாறாதீர்!

வீட்டு மருந்து என்றால் எதையும் எதனோடும் கலக்கலாம் என்பது தவறான எண்ணம். காடியையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்கும்; பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கி, முடிவில் பெரும்பாலும் உப்புக் கரைசலே எஞ்சும். இரண்டின் ஆற்றலும் வீணே! தனித்தனியாகப் பயன்படுத்துவதே அறிவு.

இதைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்றுண்டு. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். காற்றோட்டமில்லாத சிறு குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். "இரண்டையும் போட்டால் இருமடங்கு வெளுக்கும்" என்று எண்ணுகிறவர் நம் வீட்டில் இருந்தால் இன்றே அவரிடம் இதைச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

பளிங்குத் தரையிலும் மொசைக் தரையிலும் புளி, எலுமிச்சை, காடி படக்கூடாது. அவை கல்லை அரித்து மங்கச் செய்யும். அலுமினியப் பாத்திரத்தில் சோடா பட்டால் கறுக்கும். வாந்தி, பேதி போன்ற நோய் கண்ட வீட்டில் கிருமி நீக்கக் காடியை நம்பியிருத்தல் கூடாது. சோப்பும் முறையாகக் கரைத்த பிளீச்சிங் பவுடரும் தேவை. கடைப்பொருள் அனைத்தும் தீமை என்று நாங்கள் சொல்லவில்லை. எது எதற்கு என்று அறிந்து வாங்குவோம் என்றே சொல்கிறோம்.

எத்தனை கைகள்?

கட்டாயம் வேண்டிய ஒன்று என்று முதலில் சொன்னோமே, அதற்கு இப்போது வருகிறோம். அது கைகள். வீட்டிலுள்ள அனைவரின் கைகள்!

2019ஆம் ஆண்டு நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அவ்வேலைகளில் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் ஈடுபடும் ஆண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேரே. பெண்களோ 81 பேர். இந்த எண்களைப் படிக்கும்போது எங்களுக்கு நம் அன்னையரின் முகங்களே நினைவுக்கு வருகின்றன. பெருவிழாவன்று ஊரே அன்னையின் பவனியைக் காண விரையும்போது, வீட்டைத் துடைத்தும் பாத்திரம் கழுவியும் களைத்து, "நீங்கள் போய் வாருங்கள்" என்று பின்தங்கிவிடும் தாய்மார் எத்தனை பேர்! தரை மின்னுகிறது, விளக்கு மின்னுகிறது, அம்மாவின் கண்கள் மட்டும் சோர்ந்திருக்கின்றன. இத்தகைய வீட்டைத் தூய்மையான வீடு என்று சொல்லலாம். மகிழ்ச்சியான வீடு என்று சொல்ல முடியுமா?

லூக்கா நற்செய்தியில், இயேசு வந்திருந்த வீட்டில் மார்த்தா தனியாக வேலை செய்து மனம் சலித்ததைப் படிக்கிறோம். துணைக்கு வேறு கைகளும் இருந்திருந்தால் அவளும் அமர்ந்து கேட்டிருப்பாள் அல்லவா? நம் வீட்டு மார்த்தாக்களை நாம் தனியே விடலாமா?

"துடைப்பம் பெண்ணுக்குரியது" என்று கூறும் சகோதரர்களுக்கு இரண்டு சான்றுகள் தருகிறோம். பெரு நாட்டு லீமா நகரில் வாழ்ந்து, 1962ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்ட மார்ட்டின் தெ போரஸைத் துடைப்பம் ஏந்திய கையினராகவே ஓவியர் தீட்டுகின்றனர். 1901ஆம் ஆண்டு கல்கத்தாக் காங்கிரசு மாநாட்டிற்குச் சென்ற காந்தியடிகள், தொண்டர்கள் தங்கள் வேலையன்று என ஒதுங்கியபோது தாமே துடைப்பம் எடுத்துக் கழிப்பறையைத் தூய்மை செய்தார். புனிதருக்கும் தேசத்தந்தைக்கும் இழிவாகத் தோன்றாத துடைப்பம் நம் அண்ணன் தம்பியருக்கு மட்டும் இழிவாகுமா?

நாள்தோறும் ஒவ்வொருவரும் கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும். அவரவர் படுக்கையை அவரவரே மடித்தல், உண்ட தட்டை அவரவரே கழுவுதல், சனிக்கிழமை தண்ணீர்த் தொட்டி அண்ணனுக்கு, ஒட்டடைக் கம்பு அப்பாவுக்கு, சன்னல் கண்ணாடி நமக்கு. இவ்வாறு முறை வைத்துக்கொண்டால் விழாவிற்கு முந்தைய வாரம் போர்க்களமாகாது. கதவு தட்டப்படும் ஓசை கேட்டு யாரும் பதறவும் வேண்டியதில்லை.

அன்புத் தோழியரே! "எங்கள் வீடு சிறியது, பழையது; உங்களை எப்படி அழைப்பது?" என்று தயங்குகிறவர்கள் நம்மில் உண்டு. கூரை ஓடாயினும் ஓலையாயினும், பெருக்கிய தரையும் திறந்த சன்னலும் கழுவிய ஒரு குவளையில் குளிர்ந்த நீரும் இருந்தால் அதுவே விருந்தினர்க்கு ஏற்ற வீடு. தயங்காமல் அழையுங்கள், நாங்கள் வருகிறோம். பெற்றோர்களே! மகளுக்குத் தரும் துடைப்பத்தை மகனுக்கும் தாருங்கள். வரும் பெருவிழாவில் அன்னையின் பவனி வரும்போது, நம் வீட்டு அன்னையரும் நம் கைபிடித்து அங்கே நிற்கட்டும். அதற்காகவே நம் இல்லங்களைத் தூய்மை செய்வோம். அனைவரும் சேர்ந்தே செய்வோம்!