நாய் சிரிக்கிறதா?

மாணவர்களே, கார் சன்னலில் தலையை நீட்டி, காதுகள் படபடக்கச் செல்லும் நாயைப் பார்த்ததும் நமக்குச் சிரிப்பு வரும். உடனே கைப்பேசியில் படம் பிடிப்போம். அந்த நாய் என்ன செய்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா?

அது ஊரை முகர்ந்து பார்க்கிறது. நம் மூக்கில் மோப்ப உணர்வணுக்கள் ஏறக்குறைய 50 இலட்சம். பல நாய் இனங்களுக்கு 20 கோடிக்கு மேல். ஆனால், அதே காற்றில் வரும் தூசியும் பூச்சியும் அதன் கண்ணைப் புண்ணாக்கும்.

எல்லாச் சேட்டையும் மகிழ்ச்சியல்ல. கார் நகர்ந்ததும் அடிக்கடி கொட்டாவி விடுவதும் எச்சில் வடிப்பதும் பயமாகவோ குமட்டலாகவோ இருக்கலாம்.

வாயைப் பிளந்து மூச்சிரைத்தால், ‘சிரிக்கிறது’ என்கிறோம். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்க்காது. நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடல் குளிர்கிறது. வெளியே 32 பாகை செல்சியஸ் என்றால், வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் 45 பாகையைத் தாண்டிவிடும். சன்னலைச் சற்றுத் திறந்து வைத்தாலும் பெரிய மாற்றமில்லை. அந்த வெப்பத்தில் எவ்வளவு மூச்சிரைத்தாலும் போதாது, நாய் இறந்துபோகலாம்.

என் கருத்து இதுதான்: நாயும் ஒரு பயணி. பின்னிருக்கையில் நெஞ்சுப்பட்டை மாட்டி, இருக்கை வாரோடு இணையுங்கள். சன்னலைத் தலை நுழையாத அளவுக்கே திறந்து வையுங்கள். “ஐந்து நிமிடம்தான்” என்று அப்பா கடைக்குப் புறப்பட்டால், நாயை வீட்டிலேயே விட்டுச் செல்லச் சொல்லுங்கள். அறிவியல் பாடத்தில் படித்த ஆவியாதலை அவருக்கும் விளக்குங்கள்.