தொழில் பழகும் பையனுக்குத் தோள் கொடுப்போம்

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கிய மாணவனுக்குப் பரிசளிக்க நம்மவர்கள் தயங்குவதில்லை. என்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்த ஏழைப் பையனுக்காக ஆபீசில் தாள் சுற்றி வந்தால், நூறோ இருநூறோ எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். ஸ்கந்தகிரி கோயில் விசேஷம் என்றால் அன்னதானத்துக்குத் தாராளமாகக் கொடுக்கிறோம். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் கொத்து வேலையோ, கம்பி கட்டும் வேலையோ, குழாய் வேலையோ பழக ஊரிலிருந்து வந்து இறங்கும் பையனுக்காக ஐதராபாத்திலோ சிகந்தராபாத்திலோ ஒரு தாள் சுற்றியது உண்டா?

"அவன்தான் சம்பாதிக்கிறானே, அவனுக்கு எதற்கு உதவி?" என்று சிலர் கேட்கலாம். சுமை தூக்கும் சித்தாளுக்கு அன்றன்றைக்குக் கூலி உண்டு. கரண்டி பிடிக்கப் பழகும் பையனுக்கோ முதல் சில மாதம் கூலி குறைவு. சில இடங்களில் சாப்பாடு மட்டுமே. அறை வாடகையில் அவன் பங்கு, மெஸ் பாக்கி, பஸ் செலவு, கரண்டி, தூக்குக் குண்டு, ரசமட்டம் எல்லாம் அந்த மாதங்களில்தான் வந்து சேருகின்றன. ஊரில் தாயார் பணத்தை எதிர்பார்த்துக் கொண்டிருப்பார்.

இந்த நெருக்கடியில் பையனுக்கு முன்னால் இரண்டு வழிகளே இருக்கின்றன. ஒன்று, மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி அவரிடமே கட்டுப்பட்டுக் கிடப்பது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் முன்பணத்தின் பிடி பல இடங்களில் இன்னும் தளரவில்லை. இன்னொன்று, பழகுவதை விட்டுவிட்டு, விடியற்காலையில் கூலியாட்கள் கூடும் 'அட்டா'வில் போய் நிற்பது. அன்றையக் கூலிக்காக அங்கே போய் நின்றவன் பத்து வருஷம் கழித்தும் சித்தாளாகவே நிற்பதைப் பார்க்கிறோம்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லுவது நியாயமாகாது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994ல் அமைந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1996ல் வந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் நல நிதிக்காக வசூலிக்கும் ஏற்பாடும் அதே ஆண்டில் வந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இடம் பெற்றிருக்கிறது. பணத்துக்கும் பஞ்சமில்லை. 2018ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில், நாடெங்கும் வசூலான தொகை 37,400 கோடி ரூபாய்க்கு மேல் என்றும், அதில் செலவானது சுமார் 9,500 கோடியே என்றும் சுட்டிக் காட்டப்பட்டது. தொழிலாளியின் வியர்வைக்கென்று வாங்கிய பணம் கஜானாவில் தூங்கியது!

ஆனால் இந்த நிதி தாராளமாகச் செலவானாலும் நாம் சொல்லும் பையனுக்கு உடனே கிடைக்காது. நல வாரியத்தில் பதிவு செய்ய வயது 18 நிறைந்திருக்க வேண்டும். முந்திய ஒரு வருஷத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்கவும் வேண்டும். நேற்று ரெயிலில் வந்து இறங்கியவன் 90 நாளுக்கு எங்கே போவான்? 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் உதவித் தொகை தரச் சொல்லுகிறது. 2019ல் திருத்திய விதிகள், அதிகம் படிக்காதவனுக்கும் மாதம் 5,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றன. ஆனால் பழகுநரைச் சேர்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குத்தான். ஐந்தாறு ஆட்களோடு வீடு கட்டும் மேஸ்திரியை அது தொடுவதில்லை. ஆக, உதவி மிகவும் தேவைப்படும் முதல் மூன்று மாதத்தில்தான் அவன் எந்தச் சட்டத்தின் நிழலிலும் இல்லை.

மற்ற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் கட்டுமான முதலாளிகளிடம் பயிற்சிக்கென்றே தீர்வை வாங்குகிறார்கள். ஜெர்மனியில் எல்லா கட்டுமான நிறுவனங்களும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட, பழகுநரைச் சேர்த்துக் கொள்ளும் நிறுவனத்துக்கு அதிலிருந்து செலவு திரும்பக் கிடைக்கிறது. நாமும் அதை அரசிடம் கேட்க வேண்டியதுதான். ஆனால் அதுவரை பையனின் மெஸ் பாக்கி காத்திருக்குமா?

நாமே செய்யக் கூடியது ஒன்று உண்டு. ஓர் ஆபீசிலோ, ஒரு தெருவிலோ உள்ள இருபது பேர் மாதம் 200 ரூபாய் போட்டால் 4,000 ரூபாய் சேரும். ஆறு மாதத்துக்கு 24,000. ஒரு பையன் தொழிலில் காலூன்ற இது பெரிய தாங்கல். பணத்தை மொத்தமாகக் கையில் கொடுக்க வேண்டாம். மெஸ்காரருக்கு நேரே கட்டலாம். கருவிகளை வாங்கித் தரலாம். வருஷத்துக்கு 20 ரூபாயில் இரண்டு லட்ச ரூபாய்க்கான விபத்துக் காப்பீடு பாங்குக் கணக்கு மூலமே கிடைக்கிறது. முதல் வேலையாக அதில் சேர்த்துவிட வேண்டும். 18 வயது நிறையாதவனைச் சாரத்தில் ஏற்ற ஒரு காசும் கொடுக்கக் கூடாது. ஐதராபாத்தில் 1998ல் தொடங்கிய தேசியக் கட்டுமானக் கழகம் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தந்து வருகிறது. அங்கே இடம் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்லுவதும் உதவியே.

"நாம் கொடுத்தால் காண்டிராக்டர் தப்பித்துக் கொள்ளமாட்டாரா?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆகவேதான் உதவிக்கு ஆறு மாதம் என்று எல்லை வேண்டும். 90 நாள் முடிந்த மறுநாளே அவனை நல வாரியத்தில் பதிவு செய்ய வைக்க வேண்டும். குமாஸ்தா நண்பர்களுக்குப் பாரம் நிரப்புவது, சான்றுகளை இணைப்பது, ஆபீசில் கேட்டு வாங்குவது எல்லாம் கைவந்த கலை. கரண்டி பிடிக்கும் கைக்குப் பேனா பிடிக்கும் கை துணை நின்றால் பாதிக் கஷ்டம் தீரும்.

இதைப் பிச்சையாகக் கருத வேண்டாம், மொய்யாகக் கருதுங்கள். காலூன்றிய கொத்தனார் திருப்பித் தர வேண்டியது நமக்கல்ல, அடுத்து வருகிற பையனுக்கு. இந்த மாதச் சம்பளத்திலிருந்தே தாள் சுற்றட்டும்.