அரிப்பு போச்சு... படர்தாமரை போகலையே!

இடுப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம். ஓரம் மட்டும் தடித்து, நமநமவென்று அரிப்பு. தெருமுனை மருந்துக்கடையில் காட்டினால் ஒரு ட்யூப் கிடைக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது. 'கைராசியான கடை' என்று நான்கு பேரிடம் சொல்லியும் ஆகிவிடுகிறது. ட்யூப் தீர்ந்த பிறகு பார்த்தால், நாணயம் உள்ளங்கை அளவாகியிருக்கிறது. அப்புறம் தொடை, முதுகு, பக்கத்தில் படுத்துறங்கும் குழந்தையின் கழுத்து.

மருந்து வேலை செய்ததா, இல்லையா? செய்தது. அதுதான் சிக்கலே!

நம் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ரசாயனங்கள் மூலம். அந்தச் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு ரிசெப்டார், அதாவது ஏற்பி என்று பெயர். கொசு கடித்ததும் தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அது ரத்தக் குழாயில் இருக்கும் எச்1 ஏற்பியில் போய் உட்கார்ந்தால் குழாய் விரிந்து, நீர் கசிந்து, அந்த இடம் சிவந்து வீங்கும். நரம்பில் உள்ள ஏற்பியில் உட்கார்ந்தால் அரிக்கும். செட்ரிசின் மாத்திரை அந்த எச்1 இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கரப்பான் எனப்படும் எக்சிமாவில் இந்த மாத்திரை பெரிதாக உதவாததற்கும் காரணம் இதுவே. அங்கே அரிப்பைக் கிளப்புவதில் முக்கியப் பங்கு இன்டர்லூகின்களுக்கு. அவை உட்காரும் ஏற்பிகள் வேறு.

ஸ்டீராய்டு களிம்பின் கதை தனி. அதற்கான ஏற்பி செல்லின் வெளியே அல்ல, உள்ளே இருக்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசாலுக்காக ஏற்பட்டது அது. களிம்பில் உள்ள ஸ்டீராய்டும் அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டும் சேர்ந்து செல்லின் கருவுக்குள் போய், அழற்சியை உண்டாக்கும் மரபணுக்களையே அடக்கிவிடுகின்றன. 1952-ல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு வந்தபோது தோல் மருத்துவமே மாறிப்போனது. கரப்பானுக்கு இன்றும் முதல் வரிசை மருந்து அதுதான். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் படர்தாமரை பூஞ்சையால் வருவது. அங்கே சிவப்பும் அரிப்பும் உடம்பு நடத்தும் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு காவல்காரரைத் தூங்க வைக்கிறது. திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். வட்டத்தின் ஓரம் மங்கிப்போவதால் மருத்துவருக்கே சில சமயம் அடையாளம் தெரிவதில்லை. அந்த ஏற்பி உடம்பின் பெரும்பாலான செல்களில் இருப்பதால் வேறு தொல்லைகளும் உண்டு: தோல் மெலியும், தொடை இடுக்கில் வரிவரியாகத் தழும்பு விழும். சிவப்பழகுக்கென்று முகத்தில் பூசுகிறவர்களுக்குப் பரு, ரோமம், வெயிலில் எரிச்சல்.

2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்கும் கடைக்காரரிடம் கோபப்படுகிறோம்; கேட்காதவர்தான் நல்லவராகத் தெரிகிறார்!

வீட்டில் இருக்கும் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபிடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்தும் அதிலேயே கலந்திருந்தாலும் ஸ்டீராய்டு ஸ்டீராய்டுதான். மாதக்கணக்கில் பூசியவர்கள் சட்டென நிறுத்தினால் தோல் சிவந்து எரியலாம். எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பூஞ்சைக்கான சிகிச்சை பல வாரம் நீளும், தடம் மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டியிருக்கும். துண்டு, உள்ளாடைகளைத் தனியாகத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை பூசிய ட்யூப்களை, காலியாகியிருந்தாலும், கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.