சோதித்தால்தானே நோய் தெரியும்!



"கிராமத்தானுக்கு உடம்பைப் பேணத் தெரியாது" என்கிறார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் தொடக்கத்தில் வலிக்காது, சோதித்தால்தான் தெரியும். சோதிக்க டவுனுக்குப் பஸ் ஏறினால் ஒருநாள் கூலி போச்சு! அதனால்தான் கால் புண் அழுகிய பிறகு, கிட்னி கெட்ட பிறகு நமக்கு நோய் தெரிகிறது.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. வீட்டுத் திண்ணையிலேயே பிரஷர் பார்த்தார்கள். அளவு தெரிந்த பிறகு நம்மில் பலர் ஊறுகாயைக் குறைத்தோம், பீடியை விட்டோம். அதுவரை நமக்குப் புத்தி இல்லாமலா இருந்தது? சொல்ல ஆள் இல்லை!

நாம் கேட்பது:
ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் நிரந்தர லேப் டெக்னீசியன்!
வேலை முடிந்து வருவோருக்கு மாலையிலும் சோதனை!
ஆண்டுக்கொரு முறை சிறுநீரகப் பரிசோதனை!

ஊருக்குச் சோறு போடுகிற உடம்பைச் சோதிக்க ஒரு ஊசி கிடையாதா? திரண்டு வாரீர்!