செப்டிக் டேங்க் மூடியைத் தின்ற புல்தரை

வீட்டு வாசலை அழகுபடுத்தி முடித்த யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "உங்க வீட்டு செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கு?"

"அது... இந்தப் பக்கமாத்தான் எங்கேயோ..." என்று கை ஒரு அரைவட்டம் போடும். அந்த அரைவட்டத்துக்குள் இப்போது கொரியன் புல், பேவர் பிளாக், நடுவில் ஒரு புத்தர் சிலை. (புத்தருக்குத் தெரிந்திருக்கலாம். சொல்ல மாட்டார்.)

மூடி அசிங்கமாம். விருந்தாளி கண்ணில் படக்கூடாதாம். மேஸ்திரியும் "பத்து வருஷத்துக்குக் கவலையில்லை சார்" என்று சொல்லி மேலே சிமெண்ட் பூசிவிட்டுப் போய்விடுவார். பத்து வருஷமாவது! இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுத்தாக வேண்டும்.

வேண்டுமென்றே மூடாதவர்களும் உண்டு. சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் வீடுகள் பள்ளத்துக்குப் போயின. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவு வந்தது; அதற்குள் உயர்ந்தது உயர்ந்ததுதான். மழைத்தண்ணீருக்குப் பயந்து வாசலில் மண் கொட்டி உயர்த்துகிறார்கள். செப்டிக் டேங்க் மூடி, சாக்கடை சேம்பர் எல்லாம் ஓரடிக்குக் கீழே போய்விடுகின்றன. தரையை உயர்த்தத் தெரிந்தவர்களுக்கு மூடியைச் சுற்றி நாலு வரி செங்கல் வைத்து அதையும் உயர்த்தத் தெரியாதா?

ஒருநாள் பாத்ரூமில் தண்ணீர் இறங்காது. லாரி வரும், ஹோஸை விட வழி இருக்காது. கடப்பாரையால் குத்திக் கிடைத்த ஓட்டை வழியாக மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் உறிஞ்சுவார்கள். அடியில் இறுகிய கசடு அப்படியே இருக்கும். அப்போதுதான் யாராவது ஆரம்பிப்பார்கள்: "ஒரு ஆள் இறங்கினா முடிஞ்சிடும்."

உள்ளே இருப்பது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் சாகிற நேரம். காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து சுருண்டு விழுவார். இறங்குகிறவர்கள் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாநகராட்சிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும்தான். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணத்துக்கு 2014இல் 10 லட்சம் இழப்பீடு சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக்கியது.

மூடி வெளியே தெரிந்தாலும் ஆளை இறக்குகிறவர்கள் இறக்குவார்களே என்று கேட்கலாம். இறக்குவார்கள்தான். ஆனால் மூடி இருந்தால் இயந்திரத்துக்கு வழி இருக்கிறது. அந்த வழியை அழகுக்காக அடைத்துவிட்டு "வேற வழியில்லைங்க" என்று கையை விரிப்பது அயோக்கியத்தனம்.

கண்டுபிடிப்பது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. டாய்லெட் குழாய் சுவரைத் தாண்டி வெளியே வரும் திசையில் போங்கள். வென்ட் பைப் நின்றால் டேங்க் பக்கத்தில்தான். கம்பியால் தரையைத் தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்கும். பெரும்பாலும் மூடி ஒன்றுக்கு மேல் இருக்கும், ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். குடிநீர் வால்வையும் மின்சாரக் கேபிளையும் அப்படியே பார்த்துவிடலாம்.

அழகுதான் பிரச்சினை என்றால் தட்டு மாதிரிக் குழிவான மூடி கடையில் கிடைக்கிறது. அதற்குள்ளேயே பேவர் பிளாக்கைப் பதித்துக்கொள்ளலாம், தேவைப்படும்போது தூக்கலாம். வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து மூடிக்கு எத்தனை அடி என்று டேப் பிடித்து, இ.பி. மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயிண்டால் எழுதிவையுங்கள். வீட்டை அடுத்து வாங்குகிறவர் புத்தரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.