சாவுரிமையும் நாவுரிமையும்

கானடா தேசத்தில், தீராப் பிணியால் வருந்துவோர் வைத்தியர் துணைகொண்டு உயிர் நீக்க 2016-ஆம் ஆண்டு முதல் சட்டம் இடந்தருகின்றது. 2021-இல், மரணம் அணித்தாக இல்லாதவர்க்கும் அது விரிக்கப்பட்டது. 2023-இல் மட்டும் 15,343 பேர் இவ்வழியில் மாண்டனர். ஆதரிப்போர் இதனைக் கருணை என்பர். உடற்குறையுடையோர் பலரோ, வாழ வழி செய்யாது சாக வழி செய்வதா என வினவுகின்றனர்.

யார் கட்சி மெய் என்பது கிடக்க. சர்வகலாசாலை ஆசிரியரொருவர் இதனைக் கண்டித்தால் நோயாளியின் மனம் புண்படும் என்றும், ஆதரித்தால் கொலைக்குத் துணை என்றும் கூறி, அவர் வாயை அடைக்க விரும்புவோரையே நாம் எதிர்க்கின்றோம்.

இவர்கள் சரித்திரம் அறிவரோ? 1993-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு இவ்வுரிமையை 5-க்கு 4 என்ற கணக்கில் மறுத்தது. 2015-இல் அதே கோர்ட்டு ஒருமனதாக வழங்கிற்று. இடையே 22 ஆண்டுகள் வாதம் நடந்திராவிடில் இம்மாறுதல் ஏது? மனநோய் மாத்திரமுடையோர்க்கு இதனை நீட்டுவது 2027 மார்ச் 17 வரை ஒத்திவைக்கப்பட்டதில், வைத்தியர் பலர் எழுப்பிய ஐயத்திற்கும் பங்குண்டன்றோ? அன்று ஒரு சாராரின் வாயைக் கட்டியிருந்தால் உரிமை பிறந்திராது. இன்று மற்றொரு சாராரின் வாயைக் கட்டினால் காவல் இராது.

கியூபெக் மாகாணம் 2022-இல் சர்வகலாசாலைகளின் கல்விச் சுதந்திரத்திற்கெனத் தனிச் சட்டமே இயற்றியுள்ளது. அஃதொன்றே போதாது, கேட்கும் பொறுமை ஜனங்களுக்கு வேண்டும். உயிர் போக்கும் காரியத்தில் பிழை நேர்ந்தபின் திருத்த வழியில்லை. ஆதலின், பிழையை முன்னே எடுத்துரைக்கும் நாவைக் காப்பதே அறிவுடைமையாம்.