நிரலைச் சுருக்கணும், நேரத்தை அளக்கணும்... அதுக்கு எதுக்கு அடுத்தவர் சர்வர்?

2025-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதல் செய்தி ஏப்ரலில் வந்தது. ஊழியர்கள் எவ்வளவு நேரம் வேலை பார்க்கிறார்கள் என்பதைக் கண்காணிக்கும் ‘வொர்க்கம்போஸர்’ என்ற செயலி எடுத்த 2 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமான ஸ்கிரீன்ஷாட்டுகள், பூட்டே இல்லாத கிளவுட் சேமிப்பகத்தில் திறந்து கிடந்தன. ‘சைபர்நியூஸ்’ ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். மின்னஞ்சல்கள், அலுவலக ஆவணங்கள், உள் அரட்டைகள் என்று ஊழியரின் திரையில் என்ன இருந்ததோ, அது அப்படியே படமாக இருந்தது.

இரண்டாவது செய்தி நவம்பரில் வந்தது. டெவலப்பர்கள் தங்கள் நிரலையும் தரவையும் ஒட்டி, அழகுபடுத்தி எடுத்துக்கொள்ளப் பயன்படுத்தும் இரண்டு பிரபல இணையதளங்களை ‘வாட்ச்டவர்’ என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தது. பயனர்கள் ‘சேவ்’ பொத்தானை அழுத்திச் சேமித்த 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை அவர்களால் எடுக்க முடிந்தது. அவற்றில் பாஸ்வேர்டுகளும் ரகசியச் சாவிகளும் இருந்தன.

இரண்டிலும் பெரிய ஹேக்கிங் வித்தை எதுவும் தேவைப்படவில்லை. வீட்டிலேயே வைத்திருக்க வேண்டிய பொருளை வெளியே கொடுத்துவிட்டார்கள், வெளியே இருந்தவர் கதவைச் சாத்தவில்லை. அவ்வளவுதான்.

நிரலைச் சுருக்குவது, கணினி நேரத்தை அளப்பது, இரண்டுமே சின்ன வேலைகள். உங்கள் லேப்டாப்பே செய்து முடித்துவிடும், அதுவும் காசு செலவில்லாமல். அப்படியிருக்க, ஏன் வெளியே அனுப்ப வேண்டும்? இதுதான் இங்கே கேள்வி.

‘மினிஃபை’ என்றால் என்ன?

ஒரு டெவலப்பர் நிரல் எழுதும்போது மனிதர்கள் படிப்பதற்காகப் பல விஷயங்களைச் சேர்க்கிறார். இடைவெளி, புது வரி, ‘இந்தப் பகுதி ஜிஎஸ்டி கணக்குக்காக’ என்பது போன்ற குறிப்புகள், ‘மொத்தவிலை’, ‘பொருள்எண்ணிக்கை’ போன்ற நீளமான பெயர்கள். இவை எதுவும் பிரவுசருக்குத் தேவையில்லை. ‘மொத்தவிலை’ என்ற பெயரை ‘அ’ என்று மாற்றினாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்த உபரிகளை எல்லாம் நீக்கி, பெயர்களை ஓரெழுத்தாக்கி, எங்குமே பயன்படாத பகுதிகளை வெட்டி, வேலை செய்யும் விதம் மாறாமல் கோப்பை மட்டும் சிறிதாக்குவதுதான் மினிஃபை. இது புதிய யோசனை இல்லை. ஜாவாஸ்கிரிப்டுக்கான ‘ஜேஎஸ்மின்’ கருவியை டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2000-களின் தொடக்கத்திலேயே வெளியிட்டார். கூகுள் தன் ‘குளோஷர் கம்பைலர்’ கருவியை 2009-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

எவ்வளவு மிச்சமாகும்?

பல இணையதளங்கள் பயன்படுத்தும் ‘ஜேக்வெரி’ நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் 3.7.1 பதிப்பு, எழுதியபடியே இருந்தால் சுமார் 285 கிலோபைட். மினிஃபை செய்தால் சுமார் 87 கிலோபைட். அதையே சர்வர் ‘ஜிஸிப்’ முறையில் அழுத்தி அனுப்பினால் ஏறக்குறைய 30 கிலோபைட். அதாவது, பத்தில் ஒரு பங்கு.

மினிஃபை வேறு, ஜிஸிப் வேறு என்பதைக் கவனியுங்கள். மினிஃபை என்பது வேண்டாத சாமானைத் தூக்கி எறிவது. ஜிஸிப் என்பது மிச்சமுள்ள துணியை அமுக்கி மடித்துப் பெட்டியில் வைப்பது. திறந்தால் பழையபடி வந்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன். தமிழ் இணையதளம் நடத்துவோருக்கு இது கூடுதல் முக்கியம். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். ‘க’ என்று எழுத 3 பைட், ‘கி’ என்று எழுத 6 பைட் வேண்டும். பக்கத்தில் உள்ள கட்டுரையை மினிஃபை தொடாது. அந்தச் சுமையைக் குறைப்பது ஜிஸிப், அல்லது அதற்குப் பின் வந்த ‘பிராட்லி’தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பெரும்பாலான பக்கங்களில் அதிக எடை படங்களுக்குத்தான். 4 மெகாபைட் படத்தை அப்படியே போட்டுவிட்டு, நிரலில் 40 கிலோபைட் மிச்சம் பிடித்தேன் என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. அதேபோல, கோப்பு சிறிதானதால் டவுன்லோட் வேகமாகும். ஆனால் அந்த நிரல் செய்யச் சொல்லும் வேலையை விலை குறைந்த போன் செய்தே தீர வேண்டும். தேவையில்லாத நிரலைச் சேர்க்காமலே இருப்பதுதான் முதல் சிக்கனம்.

எந்தக் கருவி போதும்?

ஜாவாஸ்கிரிப்டுக்கு ‘டெர்ஸர்’ நம்பகமானது. ‘இஎஸ்பில்டு’ இன்னும் வேகமானது. ஃபிக்மா நிறுவனத்தை இணைந்து தொடங்கிய இவான் வாலஸ், ‘கோ’ மொழியில் எழுதியது இது. ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் இரண்டையும் சுருக்கும். படமாக வரையப்படும் எஸ்விஜி கோப்புகளுக்கு ‘எஸ்விஜிஓ’ இருக்கிறது. எல்லாமே ஓப்பன் சோர்ஸ். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமே இல்லாமலும் ஓடும். ‘வெப்பேக்’ போன்ற கருவியில் புராஜெக்ட் செய்பவர்களுக்கு, இறுதிப் பதிப்பை உருவாக்கும்போதே மினிஃபை தானாக நடந்துவிடும்.

‘கமாண்ட் லைன்னா கொஞ்சம் பயமா இருக்கே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு வரிதான். அந்த வரியை ஒரு முறை எழுதி வைத்துக்கொண்டால், இணையதளத்தைத் தேடி, ஒட்டி, விளம்பரத்தைத் தாண்டி, காப்பி எடுக்கும் நேரத்தை விடக் குறைவான நேரத்தில் வேலை முடியும்.

இரண்டு எச்சரிக்கைகள். மூல நிரலைத் தனியாகப் பத்திரமாக வையுங்கள். மினிஃபை செய்ததிலிருந்து பழைய பெயர்களையும் குறிப்புகளையும் திரும்பப் பெற முடியாது. அடுத்து, அடுத்தவர் சுருக்கித் தந்த கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். 2018-இல் ‘ஈவென்ட்-ஸ்ட்ரீம்’ என்ற பிரபல நிரல் தொகுப்பின் வழியே ஒரு பிட்காயின் வாலட்டைக் குறிவைத்து விஷமத்தனமான நிரல் நுழைக்கப்பட்டது. அது ஒளிந்திருந்தது, மினிஃபை செய்யப்பட்ட கோப்புக்குள். மனிதக் கண் படிக்க முடியாத இடம் ஒளிந்துகொள்ள வசதியான இடமும்கூட.

சரி, நேரத்தை எப்படி அளப்பது?

‘நாள் முழுக்க லேப்டாப் முன்னாடிதான் இருந்தேன், ஆனா என்ன செஞ்சேன்னே தெரியல.’ இந்த வசனத்தைச் சொல்லாத ஐடி ஊழியர் அரிது. டைம் டிராக்கர் இதற்குப் பதில் தருகிறது. எந்தச் செயலி, எந்த விண்டோ, எத்தனை நிமிடம் என்று பின்னணியில் குறித்துக்கொள்கிறது.

இந்த வகையில் குறிப்பிடத்தக்கது ‘ஆக்டிவிட்டிவாட்ச்’. இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திரையில் முன்னால் இருக்கும் விண்டோவின் தலைப்பை அது பதிவு செய்கிறது. 3 நிமிடங்களுக்கு மவுஸும் கீபோர்டும் அசையவில்லை என்றால், ஆள் எழுந்து போய்விட்டார் என்று எடுத்துக்கொள்கிறது. பிரவுசரில் எந்தத் தளம் என்று அறிய வேண்டுமானால் தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் சேர்க்கலாம். அறிக்கையை பிரவுசரிலேயே பார்க்கலாம். ஆனால் அந்தப் பக்கம் வருவது உங்கள் கணினிக்குள்ளிருந்துதான். கணக்குத் தொடங்க வேண்டாம், மின்னஞ்சல் முகவரி தர வேண்டாம்.

விண்டோஸில் மட்டும் வேலை செய்பவர்கள் ‘மேனிக்டைம்’ செயலியின் இலவசப் பதிப்பைப் பார்க்கலாம். அதுவும் தரவைக் கணினியிலேயே வைக்கிறது. மேக் வைத்திருப்போருக்கு 2019-இன் கேட்டலினா பதிப்பிலிருந்து ‘ஸ்கிரீன் டைம்’ உள்ளேயே இருக்கிறது.

தரவு எங்கே இருக்கிறது என்பதில் ஏன் இவ்வளவு அக்கறை? விண்டோ தலைப்பு என்பது சாதாரண விஷயமில்லை. நீங்கள் திறந்த மின்னஞ்சலின் தலைப்பு, வங்கியின் பெயர், மருத்துவரிடம் கேட்கத் தயங்கிக் கூகுளில் தேடிய கேள்வி, வேறு வேலைக்காகத் தயாரித்த பயோடேட்டா கோப்பின் பெயர்... எல்லாம் அதில் வரும். ஒரு மாதப் பதிவைப் படித்தால் ஒருவரின் வாழ்க்கையையே படித்துவிடலாம்.

அதனால், கணினியிலேயே இருந்தாலும் கவனம் வேண்டும். ஆக்டிவிட்டிவாட்ச் தன் பதிவுகளைப் பூட்டி வைப்பதில்லை. உங்கள் லாகினில் நுழையும் யாரும் பார்க்க முடியும். வீட்டில் பொதுக் கணினி என்றால் தனித்தனி யூசர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் என்கிரிப்ஷனையும் ஆன் செய்துவிடுங்கள்.

இதனால் யாருக்கு லாபம்?

முதலில், ஃப்ரீலான்ஸர்களுக்கு. ஒரு வெப்சைட்டை 20 மணி நேரத்தில் முடிக்கலாம் என்று பேசிக் காசு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவைப் பார்த்தால் 34 மணி நேரம் ஆகியிருக்கிறது. அதில் 9 மணி நேரம் ‘சின்ன சேஞ்ச் மட்டும்’ என்று வந்த மெயில்களுக்குப் போயிருக்கிறது. அடுத்த வேலைக்கு விலை பேசும்போது, அந்த 9 மணி நேரத்துக்கும் வாய்திறந்து கேட்க உங்களிடம் கணக்கு இருக்கும்.

மாதச் சம்பளக்காரர்களுக்கும் உண்டு. ‘ஏன் இந்த வேலை இழுக்குது?’ என்று மேலாளர் கேட்டால், வாரத்தில் எத்தனை மணி நேரம் மீட்டிங்குகளில் போனது என்று எண்ணோடு சொல்லலாம். அந்த எண்ணைக் காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது நீங்களாக இருக்க வேண்டும். அளவுகோல் உங்கள் கையில் இருந்தால் அது கருவி. அடுத்தவர் கையில் இருந்தால் அது கண்காணிப்பு.

அலுவலகமே டிராக்கர் போட்டால்?

அலுவலக லேப்டாப், அலுவலக விதி. முழுவதும் மறுக்க முடியாது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, வேலை தொடர்பான சில நோக்கங்களுக்காக ஊழியரின் தரவைத் தனிச் சம்மதம் இல்லாமல் பயன்படுத்த நிறுவனங்களை அனுமதிக்கிறது. ஆனால் அதே சட்டம், தரவைப் பாதுகாக்கத் தகுந்த ஏற்பாடு செய்யும் கடமையையும் அவர்கள் மீது சுமத்துகிறது. அதில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் நிறுவனங்கள் இப்போதே யோசிப்பது நல்லது.

யோசிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த அளவீடு உண்மையைச் சொல்வதில்லை. பேப்பரில் வரைந்து யோசிப்பவரை, வாடிக்கையாளரோடு போனில் பேசுபவரை டிராக்கர் ‘இடத்தில் இல்லை’ என்கிறது. மவுஸை ஆட்டிக்கொண்டே இருப்பவரை ‘வேலை செய்கிறார்’ என்கிறது. 2024-இல் அமெரிக்க வங்கியான வெல்ஸ் ஃபார்கோ, கீபோர்டு இயக்கத்தைப் போலியாக உருவாக்கியதாகக் கூறி ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையைவிட்டு நீக்கியது. எதை அளக்கிறீர்களோ, அதைத்தான் ஊழியர் காட்டுவார்.

நிறுவுவதற்கு முன் மூன்று கேள்விகள்

1. தரவு எங்கே போகிறது? ஒரு எளிய சோதனை இருக்கிறது. வைஃபையை அணைத்துவிட்டுக் கருவியைப் பயன்படுத்திப் பாருங்கள். இணையதளமாக இருந்தாலும், பக்கம் திறந்த பிறகு இணையம் இல்லாமல் வேலை செய்தால், சுருக்கும் வேலை உங்கள் கணினியிலேயே நடக்கிறது என்று அர்த்தம். படங்களைச் சுருக்கும் கூகுளின் ‘ஸ்கூஷ்’ அப்படிப்பட்டது. வேலை செய்யவில்லை என்றால், நிரல் வெளியே போகிறது. ரகசியமான நிரல் என்றால், வைஃபையை மறுபடி போடும் முன் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

2. ஏன் இலவசம்? ஓப்பன் சோர்ஸ் என்பதால் இலவசமா, பிறகு கட்டணத் திட்டத்துக்கு இழுப்பதற்காக இலவசமா, விளம்பரத்துக்காகவும் தரவுக்காகவும் இலவசமா? இரண்டாவது வகை தப்பில்லை, தெரிந்து போனால் சரி. மூன்றாவது வகையில் அலுவலகத்தின் ஒரு வரி நிரலைக்கூட ஒட்டாதீர்கள்.

3. எங்கிருந்து இறக்குகிறோம்? தேடல் முடிவில் மேலே வரும் விளம்பர இணைப்பிலிருந்து வேண்டாம். கருவியின் அதிகாரபூர்வத் தளம் அல்லது அதன் கிட்ஹப் பக்கம் மட்டும்.

நிறுவனங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ‘ஆன்லைன் தளங்களில் நிரலை ஒட்டாதே’ என்று சுற்றறிக்கை அனுப்பினால் மட்டும் போதாது. புதிதாகச் சேரும் ஜூனியர் அப்படி ஒட்டுவது அலட்சியத்தால் அல்ல. அலுவலக லேப்டாப்பில் எதையும் நிறுவ அனுமதி இல்லை, கெடுவோ மாலை 6 மணி என்பதால். சரிபார்த்த இலவசக் கருவிகளை முதல் நாளே லேப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டால், அவர் வெளியே தேடிப் போக வேண்டிய அவசியமே வராது. லைசென்ஸுக்குச் செலவில்லை. ஐடி பிரிவின் ஒரு மதிய வேளை போதும்.